ஈ கட்டும் வைஸை நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியுமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, மீனை ஏமாற்றும் செயற்கை ஈ கட்டப் பழகுகிறீர்கள். கட்டும்போது முள்ளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கருவியான வைஸ் வேண்டும்; வெளிநாட்டு வைஸின் விலை கட்டுப்படியாகவில்லை. துளை போடும் இயந்திரத்தின் சிறிய வைஸை மேசையில் மாட்டிப் பார்த்தீர்கள். நூலை இழுத்தால் முள் தலைகுனிந்து சுற்றிக்கொள்கிறது. அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். என்ன இரும்பு வாங்க வேண்டும், என்ன அளவில் செய்ய வேண்டும், சுழலும் அமைப்பு அவசியமா என்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கடினமான கம்பியை, ஒடிக்காமலும் நழுவவிடாமலும் எப்படிப் பிடிப்பது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் உங்கள் அண்ணனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதனால் பதிலின் பெரும்பகுதியை, முள்ளைக் கவ்வும் தாடைகளின் நுனிக்கே ஒதுக்குகிறேன்.

நான் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டூல் ரூமில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன். ஈ கட்டுவது எனக்குக் குலத்தொழில் கிடையாது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர், உடைந்த வைஸ் ஒன்றைப் பழுதுபார்க்க எடுத்துவந்தார். தாடை நுனி ஒரு பக்கம் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்தபோது, அது எதற்குப் பயன்படுகிறது என்று என் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு ஈயைக் கட்டிக் காட்டினார். சேவலின் கழுத்து இறகு ஒன்று முள்ளைச் சுற்றி விசிறியாக விரிந்து நின்ற அந்த நிமிடத்திலிருந்து இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அதன் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக ஏழு வைஸ்கள் செய்திருக்கிறேன். முதல் இரண்டு தேறவில்லை. அவை ஏன் தேறவில்லை என்பதும் கீழே வருகிறது.

முதலில் முள் ஏன் நழுவுகிறது என்று கணக்கில் பார்ப்போம். முள்ளை அதன் வளைவில் பிடிக்கிறோம். நூலை, முள்ளின் கண் (தூண்டில் நரம்பு கட்டும் வளையம்) இருக்கும் பக்கம் இழுக்கிறோம். பிடிக்கும் இடத்துக்கும் இழுக்கும் இடத்துக்கும் 20 மில்லிமீட்டர் தூரம், நூலை ஒரு கிலோ விசையில் இழுக்கிறோம் என்று வையுங்கள். அந்த ஒரு கிலோ, 20 மில்லிமீட்டர் நீளக் கடப்பாரையின் முனையில் தொங்குவதுபோல முள்ளைத் திருகும். தாடைகள் கம்பியைத் தொடும் நீளமோ 3 மில்லிமீட்டர்தான். எஃகின் மேல் எஃகுக்கு உராய்வு விகிதம் 0.15 என்று எடுத்துக்கொண்டு, இரு முகங்களையும் கணக்கில் சேர்த்தால், முள் அசையாமலிருக்க நுனியில் ஏறக்குறைய 45 கிலோ அழுத்தம் தேவைப்படுகிறது. இது தோராயக் கணக்கு. எண்ணெய் பட்டிருந்தால் உராய்வு குறையும். வளைவின் வடிவம் சில முள்களில் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் அளவு புரிகிறதல்லவா? கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இடத்தில் அரை மூட்டை அரிசியின் எடை அழுத்துகிறது. துளை போடும் இயந்திரத்தின் வைஸ் பலமில்லாமல் தோற்கவில்லை. அதன் தாடைகள் அகலமானவை, மென்மையான இரும்பு, முகங்கள் நேராகச் சேர்வதில்லை. அழுத்தம் கம்பியின் மேல் விழாமல் வேறெங்கோ விழுகிறது.

இந்த அழுத்தத்தைக் கொடுக்க மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, பிளந்த தண்டை ஒரு குழாய்க்குள் இழுத்து நுனியை மூடச் செய்வது. பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் தண்டு உள்ளே இழுபடும், கூம்புப் பகுதி குழாயின் வாயில் இறுகும். அமெரிக்காவில் தாம்சன் என்பவர் செய்த 'மாடல் ஏ' இந்த வகை. அதைப் பார்த்து இந்தியாவில் செய்த வைஸ்கள்தான் உலகம் முழுக்கப் புதியவர்களின் முதல் பெட்டியில் வெகுகாலம் இருந்தன. இரண்டாவது, வில்லின் விசையிலேயே எப்போதும் மூடியிருக்கும் தாடை. கைப்பிடியை அழுத்தினால் திறக்கும். மூன்றாவது, இரண்டு பட்டைகளை நடுவில் ஒரு திருகால் பிணைத்து, வாலில் இன்னொரு திருகால் அகட்டுவது. வால் அகன்றால் நுனி மூடும். என் முதல் வைஸை முதல் வகையில் செய்தேன். கூம்பின் கோணமும் குழாயின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அது ஒரு பக்கமாகத்தான் இறுகும். பொருத்தம் வரக் கூம்பை, தோய்ச்சலுக்குப் (பழுக்கச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து எஃகைக் கடினமாக்குவது) பிறகு கிரைண்டிங் செய்ய வேண்டும். வீட்டில் செய்பவருக்கு மூன்றாவது வழியே சரி என்பது என் தீர்மானம். அரமும், துளை போடும் இயந்திரமும், மரை போடும் டேப்பும் இருந்தால் போதும். லேத்தின் தேவை தண்டுக்கும் குமிழுக்கும் மட்டும்தான்.

அளவுகளைச் சொல்கிறேன். 10 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையில் 65 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகள். நுனியிலிருந்து 20 மில்லிமீட்டரில் நடுத் திருகு. அங்கிருந்து இன்னும் 40 மில்லிமீட்டர் பின்னால் வால் திருகு. ஏற்றத்தின் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்கை இரு மடங்கு நீளமென்றால் முன்கையில் விசை இரு மடங்கு. நுனியில் 45 கிலோ வேண்டுமென்றால் வாலில் 23 கிலோ கொடுத்தால் போதும்; எம்5 (5 மில்லிமீட்டர்) திருகில் 20 மில்லிமீட்டர் குமிழ் வைத்து விரலால் திருகினாலே அது வந்துவிடும். நடுத் திருகு மட்டும் இரண்டு விசைகளையும் சேர்த்துத் தாங்குகிறது. அதனால் அங்கே சாதாரண எம்4 போட வேண்டாம்; 12.9 என்ற உயர் வலிமைத் தரத்து ஆலன் போல்ட்டைப் போடுங்கள். ஒரு பட்டையில் மரை, மற்றதில் சற்றுத் தளர்வான துளை. ஒரு தாடை தண்டோடு அசையாமல் நிற்க வேண்டும், மற்றது சாய்ந்து கொடுக்க வேண்டும். சாய வேண்டுமென்றால் போல்ட்டின் தலைக்கு அடியில் தட்டையான முகம் இருக்கக் கூடாது. துளையின் வாயை 90 பாகைக்குக் குழித்து, போல்ட் தலையின் அடியை லேத்தில் உருண்டையாக்கி உட்கார வையுங்கள். நடுவில் ஒரு சிறிய அழுத்து வில், பக்கவாட்டில் ஆடாமலிருக்க வால் பக்கம் ஒரு 3 மில்லிமீட்டர் பின்.

நான் அதிகம் தடுமாறியது அடுத்த விஷயத்தில்தான். வால் திருகை மட்டும் திருகி மூடினால், தாடைகள் ஆங்கில வி எழுத்தைப் போலச் சாய்ந்து சேரும். மெல்லிய முள்ளானால் நுனியின் ஓரம் மட்டும் தொடும். தடித்த முள்ளானால் உள்பக்கம் மட்டும் தொடும், முன்னால் திறந்திருக்கும். இரண்டிலும் அழுத்தம் ஒரு கோட்டில் விழுகிறது, முள் சுழல்கிறது. வீட்டில் செய்த வைஸ் பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் எல்லோருடைய குறையும் இதுவாகவே இருந்தது. சரியான வரிசை இது: முள்ளை இடையில் வைத்து, முதலில் நடுத் திருகைக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ப இறுக்கி, இரு முகங்களும் இணையாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதன் பிறகே வால் திருகு. முள்ளின் அளவை மாற்றும்போதெல்லாம் நடுத் திருகைத் தொட வேண்டும். அதற்காகத்தான் நல்ல வைஸ்களில் அந்தத் திருகுக்கும் ஒரு குமிழ் இருக்கிறது. ஒரே அளவு முள்ளில் இருபது ஈ கட்டினால் ஒருமுறை வைத்தது போதும்.

முகங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். நுனியிலிருந்து 6 மில்லிமீட்டர் மட்டும் முகமாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் நடுத் திருகு வரை 0.3 மில்லிமீட்டர் தாழ்த்திவிடுங்கள். அப்போதுதான் நுனி முதலில் தொடும். வெளிப்பக்கம் நுனியில் அகலம் 3 மில்லிமீட்டருக்கும், ஒவ்வொரு தாடையின் தடிமன் 1.5 மில்லிமீட்டருக்கும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிய முள்ளில் விரல் நுழையாது. முகங்களைப் பளிங்குபோல மெருகிட வேண்டாம். 400 எண் எமரித் தாளைக் கண்ணாடியின் மேல் ஒட்டி, தாடையை எட்டு வடிவத்தில் தேய்த்தால் வரும் மங்கலான பரப்பே பிடிக்கும். பிறகு ஒரு முகத்தில் மார்க்கிங் புளூ என்ற நீலப் பசையை மெல்லப் பூசி, இரண்டையும் மூடித் திறந்து பாருங்கள். நீலம் அடுத்த முகத்தில் ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். முழுக்கப் பரவும்வரை நான் பொழுது பார்ப்பதில்லை. ஒரு ஜோடிக்கு மூன்று மாலைகள்கூட ஆகியிருக்கின்றன. மஹ்சீர் மீனுக்கான தடித்த முள்களையும் கட்டப் போகிறீர்கள் என்றால், நுனியிலிருந்து 5 மில்லிமீட்டரில் முக்கோண அரத்தால் ஒரு மெல்லிய பள்ளம் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த கம்பி அதில் உட்காரும், நுனிக்கு வலி குறையும்.

இரும்புக்கு வருகிறேன். முள் உயர்கரி எஃகு (கரி, அதாவது கார்பன், அதிகமுள்ளது), தோய்ச்சல் போட்டது. சாதாரண மைல்ட் ஸ்டீலில் தாடை செய்தால் முதல் நாள் நன்றாகப் பிடிக்கும். பத்தாவது ஈயில் கம்பியின் தடம் தாடையில் பதிந்துவிடும், அப்புறம் அந்தத் தடத்துக்குள்ளேயே முள் ஆடும். ஓ.எச்.என்.எஸ். என்று கோவைக் கடைகளில் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். எண்ணெயில் குளிர்வித்தால் கடினமாகி, வடிவம் அதிகம் கோணாத எஃகு. சில்வர் ஸ்டீல் என்று விற்கும் உயர்கரி எஃகு உருண்டைக் கம்பியும் பயன்படும், ஆனால் பட்டையாக அரம் போட வேண்டிவரும். துண்டுக் கடையில் வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஓ.எச்.என்.எஸ். என்று கொடுத்த துண்டில் ஒரு ஜோடி தாடை செய்து முடித்து, தோய்ச்சல் போட்ட பிறகும் அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இரண்டு நாள் வேலை வீண். அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் ஓரத்தைச் சாணைக்கல்லில் வைத்துத் தீப்பொறியைப் பார்க்கிறேன். மைல்ட் ஸ்டீலின் பொறி நீண்ட கோடாக ஓடி, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பிரியும். கரி அதிகமுள்ள எஃகின் பொறி சக்கரத்துக்கு அருகிலேயே மத்தாப்புப் பூவாய் வெடிக்கும். தெரிந்த எஃகுத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறு நேராது.

துளை, மரை, குழி, வெளிவடிவம் எல்லாவற்றையும் முடித்த பிறகே தோய்ச்சல். முகங்களில் மட்டும் 0.2 மில்லிமீட்டர் மிச்சம் வையுங்கள், தீயில் மேல்தோல் கரியை இழந்துவிடும். நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எஃகு செய்த உலைகளைத் தோண்டி எடுத்த பூமி நம்முடையது. அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் தோய்ச்சல் போடும் கொல்லர் இன்னும் உங்கள் பக்கத்து ஊரில் இருப்பார். அவருடைய துருத்தி அடுப்பே போதும். சூடேற்றும்போது தாடையைக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். 770 பாகை செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதிலிருந்து ஒரு படி மேலே, 800ஐ ஒட்டி, நன்கு பழுத்த செர்ரிப் பழ நிறத்தில் ஐந்து நிமிடம் வைத்திருந்து, கையால் தொடக்கூடிய வெதுவெதுப்பான எண்ணெயில் செங்குத்தாக இறக்கி அசையுங்கள். கடலை எண்ணெய் போதும். அடுப்படியில் வேண்டாம், வெளித்திண்ணையில் செய்யுங்கள். எண்ணெய் தீப்பிடிக்கும், மூட ஒரு தகரம் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், இந்த எஃகு விரிசல் விடும்.

இப்போது தாடை கண்ணாடியைப் போலக் கடினம், கண்ணாடியைப் போலவே உடையும். இந்தக் கட்டத்தில்தான் என் இரண்டாவது வைஸ் போயிற்று. அவசரத்தில் பதம் இறக்காமல் (மீண்டும் மிதமாகச் சூடாக்கி உடையும் குணத்தைக் குறைக்காமல்) அப்படியே பொருத்திவிட்டேன். ஒரு தடித்த முள்ளை வைத்து வால் திருகை இறுக்கிய நொடியில் டிக் என்று ஒரு சத்தம். தாடை நுனியிலிருந்து அரிசி அளவு ஒரு சில்லு தெறித்து, என் மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் ஒரு கீறல் போட்டுவிட்டுச் சுவரில் பட்டது. கண்ணாடி அணியாத வயதில் செய்திருந்தால் இன்று இதை எழுத ஒரு கண்தான் இருந்திருக்கும். ஆகவே பதம் இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெயிலிருந்து எடுத்த அதே மணிநேரத்தில் செய்துவிடுங்கள். ஒரு பக்கத்தை எமரியால் பளபளப்பாக்கி, வாணலியில் மணலைச் சூடாக்கி அதன் மேல் தாடையை வைத்தால், நிறங்கள் வரிசையாக ஏறும்: வைக்கோல் நிறம் 220 பாகை, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. வால் பக்கத்தை மணலில் ஆழமாகப் புதைத்து, நுனி வெளியே தெரியும்படி வையுங்கள். வால் நீலமாகி, நுனி ஊதாவைத் தொடும்போது எடுத்துவிடுங்கள். நுனி கடினமாகவும், மரை உள்ள நடுப்பகுதி சற்று இளக்கமாகவும் அமையும். இதெல்லாம் நிறத்தை நம்பிய வேலை; வெளிச்சத்தைப் பொறுத்துக் கண் ஏமாறும். சந்தேகமாக இருந்தால் கோவையில் வெப்பப் பதனிடும் கூடங்கள் உண்டு. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 54 முதல் 56 வரை வேண்டும் என்று சொல்லி, அவர்களுடைய வேறொரு வேலையோடு சேர்த்துப் போடச் சொன்னால் உலையில் அளந்தே செய்து கொடுப்பார்கள்.

சுழலும் அமைப்பு அவசியமா? ஈ கட்ட அவசியமில்லை. முன்பெல்லாம் முள்ளை விரலிலேயே பிடித்துக் கட்டினார்கள். ஆனால் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கும், கம்பியையோ இறகையோ சீராகச் சுற்றுவதற்கும் சுழற்சி பெரிய உதவி. உங்கள் வீட்டில் லேத் இருப்பதால் செய்துவிடுங்கள் என்பேன். இதில் இரண்டு நிலை உண்டு. தாடை தன் அச்சில் சுற்றினால் முள் வட்டமடிக்கும். பார்வையிட அது போதும். முள்ளின் தண்டே சுழலும் அச்சில் நிற்குமாறு தாடையைக் கீழே தள்ளி அமைத்தால், லேத்தில் பிடித்த கம்பியைப் போல முள் இருந்த இடத்திலேயே சுழலும். முள்ளின் தண்டுக்கும் கூருக்கும் உள்ள இடைவெளி சிறிய முள்ளில் 5 மில்லிமீட்டர் அளவு, பெரிய முள்ளில் 10க்கு மேல். ஆகவே தாடையைத் தாங்கும் கையில் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளத்துளை போட்டு, ஏற்றி இறக்கி இறுக்கும்படி வையுங்கள். முள்ளின் கண்ணுக்கு எதிரே ஒரு தையல் ஊசியை நட்டுவைத்துச் சுழற்றினால், எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

தண்டுக்கு 10 மில்லிமீட்டர் பிரைட் பார் (வழவழப்பான இரும்புக் கம்பி). மூடிய மில்களின் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரங்களின் ஸ்பிண்டில்கள் (சுழல் தண்டுகள்) கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும்போது எனக்கும் ஆசை வந்தது. ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஆடாமல் ஓடியது, நமக்கு ஓடாதா என்று. ஓடும், ஆனால் அது கடினமாக்கப்பட்ட எஃகு, துளை போட்டால் டிரில்தான் மழுங்கும், உடலும் கூம்பு. இரண்டு நாள் போராடிவிட்டு விட்டுவிட்டேன். பந்து பேரிங்கும் வேண்டாம் என்பது என் கருத்து. 6200 எண் பேரிங் 10 மில்லிமீட்டர் தண்டுக்கு அப்படியே பொருந்தும்தான், ஆனால் மிக இலகுவாகச் சுற்றும். கையை எடுத்ததும் தாடையின் கனத்தில் தானே உருளும். 40 மில்லிமீட்டர் நீளமுள்ள கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷின், அதாவது தண்டு சுழலும் குழலின், துளையை ரீமரால் சரியான அளவுக்குச் சீராக்கி, பக்கவாட்டில் ஒரு எம்5 திருகின் முன்னால் நைலான் துண்டு வைத்து அழுத்தினால், விட்ட இடத்தில் நிற்கும். புஷ்ஷின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர், அதைத் தாங்க ஒரு இரும்புத் துண்டு, அதிலிருந்து கீழே 10 மில்லிமீட்டர் செங்குத்துக் கம்பி. இவற்றில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஈக்குத் தெரியாது.

அடிப்பாகத்துக்குச் செலவு செய்யாதீர்கள். 150க்கு 100க்கு 20 மில்லிமீட்டர் இரும்புத் தகடு இரண்டே கால் கிலோவுக்கு மேல் வரும், அது போதும். நான் பழைய பம்ப்பின் வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சைத் திருப்பிப்போட்டு, நடுத் துளையில் கம்பியை நட்டிருக்கிறேன். அடியில் சைக்கிள் டியூபை ஒட்டினால் மேசையும் கீறாது, நழுவவும் செய்யாது. முள் மேசையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நிற்கட்டும். முழங்கைகள் மேசையில் ஊன்றியபடி கட்ட முடியும்.

நூலையும் இறகையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வைஸைச் சோதிக்க அவை வேண்டும். திருப்பூரில் ஓவர்லாக் இயந்திரத்துக்குப் போடும் 150 டெனியர் பாலியஸ்டர் நூல் பழகுவதற்கு ஏற்றது. 9,000 மீட்டருக்கு 150 கிராம் எடை என்பது அதன் பொருள். அது முறுக்கில்லாத நூல், முள்ளின் மேல் தட்டையாகப் படியும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு நம் பக்கம் கேட்டால் சும்மா கொடுப்பார்கள்; இந்தியச் சேவல் கழுத்துத் தோலை வெளிநாட்டு ஈ கட்டுபவர்கள் காசு கொடுத்து வாங்கிவந்தார்கள். மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ள பறவை. தானே உதிர்ந்த தோகைக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. தோட்டத்தில் விழுந்து கிடப்பதை எடுத்தால் போதும், பிடுங்கியதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய ஆங்கிலேய ஈக்களில் நம் மலையின் சாம்பல் காட்டுக்கோழி இறகு பேர்பெற்றது. அந்தப் பறவையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். மீன் பிடிக்கும் இடமும் அப்படியே. நீலகிரி டிரௌட், 1863இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றும் பிழைக்காமல், மீன்வளர்ப்பு வல்லுநர் வில்சன் காலத்தில் 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்த பிறகு நிலைத்த குளிர்நீர் மீன். மோயாற்றிலும் பாம்பாற்றிலும் வாழும் திமில் மஹ்சீரோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. காட்டு எல்லைக்குள் அனுமதியில்லாமல் தூண்டிலை இறக்கக் கூடாது; எந்த மீனுக்காக ஈ கட்டுகிறோமோ அது இருந்தால்தான் இந்த வேலைக்கே பொருள்.

மேலே சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். முகங்கள் இணையாக நிற்க வேண்டும் என்பதும், தோய்ச்சலும் பதமும் இரண்டும் வேண்டும் என்பதும் உறுதி. இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 65 மில்லிமீட்டர் நீளம், 20க்கு 40 என்ற பங்கு ஆகியவை என் கைக்கு வாய்த்தவை. 15க்கு 35 என்று வைத்தவரின் வைஸும் நன்றாகவே பிடிக்கிறது. பேரிங்கா புஷ்ஷா என்பதில் என்னோடு மாறுபடும் நல்ல கைகள் உண்டு. அவர்கள் பேரிங்கின் மேல் அழுத்துத் திருகு வைத்துச் சமாளிக்கிறார்கள். நான் இதுவரை பிடித்துப் பார்த்தது 4ஆம் எண்ணிலிருந்து 16ஆம் எண் வரையிலான ஆற்று முள்கள்தான் (எண் ஏற ஏற முள் சிறிதாகும்). கடல் மீனுக்கான தடித்த முள்ளுக்கு இந்தத் தாடையின் தடிமன் போதும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அதற்கு நுனியை 2 மில்லிமீட்டராக விட்டுத் தொடங்குங்கள்.

வைஸ் முடிந்ததும் ஒரு சோதனை. 12ஆம் எண் முள்ளை வளைவில் பிடித்து, தண்டில் ஓவர்லாக் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி, கண் பக்கத்திலிருந்து நேராகக் கீழே இழுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முள் அசைவதற்கு முன் நூல் அறுந்தால் வைஸ் தேறிவிட்டது. முள் அசைந்தால் வால் திருகை இன்னும் இறுக்காதீர்கள். கழற்றி, நீலத்தைப் பூசி, முகத்தைப் பாருங்கள். முள் வளைந்து கொடுத்தால் குறை முள்ளில் இருக்கிறது. இரும்பு வாங்கப் போவதற்கு முன் உங்களிடமுள்ள முள்களின் கம்பித் தடிமனை அண்ணனின் மைக்ரோமீட்டரில் அளந்து, சிறியதும் பெரியதும் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள். நடுத் திருகுக்கு எவ்வளவு நகர்வு தேவை, பள்ளம் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.